கூலியும் நாடுகடத்தலும்

 

1908ஆம் ஆண்டு உலகின் இருவேறு மூலைகளில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. பிப்பிரவரி 27ஆம் நாள் தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தனர். அதே ஆண்டு மே 26ஆம் நாள், பாரசீகத்தின் மசீத்-இ-சுலைமான் என்னும் மலைப்பகுதியில், வெள்ளையர் தோண்டிய கிணற்றிலிருந்து எண்ணெய் பீறிட்டெழுந்தது. ஒன்று தென்பாண்டி நாட்டின் கடற்கரையில் நிகழ்ந்தது. மற்றொன்று எவரும் அறியாத பாலைநிலத்தில் நிகழ்ந்தது. ஒன்றில் மாந்தர் எழுந்தனர். மற்றொன்றில் எண்ணெய் எழுந்தது. இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. அத்தொடர்பின் பெயர் நாடுகடத்தல்.

முதலில் தூத்துக்குடியைப் பார்ப்போம். கோரல் ஆலை ஆர்வி குழுமத்தாருடையது. அங்கு உழைத்தவர்க்குக் குறைந்த கூலி, நீண்ட வேலைநேரம், கிழமைக்கொரு நாள் ஓய்வும் உறுதியில்லை. கூலியை உயர்த்துக, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தருக, வேலைநேரத்தைக் குறைக்க என்பவையே அவர்தம் கோரிக்கைகள். இவற்றில் அரசைக் கவிழ்க்கும் சூழ்ச்சி ஏதுமில்லை. ஓட்டப்பிடாரத்தில் பிறந்து வழக்குரைஞராய் உயர்ந்த வ.உ. சிதம்பரனாரும், அவர்தம் தோழர் சுப்பிரமணிய சிவாவும் அத்தொழிலாளர் பக்கம் நின்றனர். ஊர் மக்கள் அரிசியும் பணமும் தந்து தொழிலாளர் குடும்பங்களைக் காத்தனர். ஆலைக்காரர் பக்கம் நின்றவர்க்கு முடிதிருத்தும் தொழிலாளி முடிதிருத்த மறுத்தார். ஒன்பது நாளில் ஆலைக்காரர் இறங்கி வந்தனர். கூலி உயர்ந்தது, ஓய்வுநாள் கிடைத்தது.

வெற்றி பெற்ற தொழிலாளி ஆலைக்குத் திரும்பினான். ஆனால் அவனுக்குத் துணைநின்றவரை ஆட்சி விட்டுவைக்கவில்லை. மார்ச்சு 12ஆம் நாள் சிதம்பரனார் திருநெல்வேலியில் சிறைப்படுத்தப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. கடைகள் மூடப்பட்டன, அரசுக் கட்டடங்கள் தீக்கிரையாயின, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் தமக்கென ஒரு காசும் கேட்கவில்லை; தலைவரைச் சிறைப்படுத்திய கொடுமையை எதிர்த்தே நிறுத்தினர். பம்பாய் ஆலைத் தொழிலாளர் திலகருக்காக வேலைநிறுத்தம் செய்தது அவ்வாண்டு சூலையில்தான். அதற்கு நான்கு மாதங்கள் முன்னரே, அரசியல் அறத்திற்காக வேலையை நிறுத்திக் காட்டியவன் தூத்துக்குடித் தொழிலாளி. இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் இந்த முன்மையை மறைத்தல் தகாது.

சூலை 7ஆம் நாள் நடுவர் பின்கே தீர்ப்புரைத்தார். அரசின்மேல் வெறுப்பூட்டிப் பேசினார், அவ்வாறு பேசிய சிவாவுக்குத் துணைநின்றார் என்னும் இரு குற்றங்களுக்கும் சேர்த்துச் சிதம்பரனார்க்கு இரட்டை வாழ்நாள் நாடுகடத்தல்! சிவாவுக்குப் பத்தாண்டு! அப்பேச்சுகள் நிகழ்ந்த நாள்களோ ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிய நாள்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை, கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912 திசம்பரில் அவர் வெளிவந்தார். கோவைச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தனர். பாரசீக மண்ணில் எண்ணெய் தானே பொங்கியெழுந்த அதே ஆண்டில், தொழிலாளர்க்குப் பரிந்துபேசிய தமிழர் ஒருவர் மாடுபோற் பூட்டப்பட்டு எண்ணெய் ஆட்டினார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது சிந்திக்க வேண்டும். ‘கூலி’ என்பது தூய தமிழ்ச்சொல். உழைப்புக்கு உரிய பயன் என்பது அதன் பொருள். வள்ளுவப் பெருந்தகை 619ஆம் குறளில் இச்சொல்லை மெய்வருந்தி முயன்றவன் பெறும் பயன் என்னும் உயர்ந்த பொருளிலேயே ஆண்டிருக்கிறார். அதாவது கூலி என்பது மாந்தன் கையில் வந்து சேர வேண்டிய பொருள். வெள்ளையன் இச்சொல்லை எடுத்துக்கொண்டு போனான். என்ன செய்தான்? கூலியைக் குறைத்தான், கூலி பெறுபவனுக்கே ‘கூலி’ என்று பெயர் வைத்தான். கையில் இருக்க வேண்டிய பொருளின் பெயர் ஆளின் பெயராயிற்று. இலங்கை, மலாயா, பர்மா, பிசி, தென்னாப்பிரிக்கா என்று கடல் கடந்து போன இடமெல்லாம் தமிழன் அப்பெயராலேயே அழைக்கப்பட்டான். ஒரு சொல்லின் பொருளைத் திரித்தால் ஓர் இனத்தின் வாழ்வையே திரித்துவிடலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தொழிலாளர் போராட்டம் என்பது ஒரு வகையில் இச்சொல்லை அதன் பழம்பொருளுக்கு மீட்கும் போராட்டமே. ‘கூலி என்பது என் பெயரன்று, அஃது எனக்குச் சேர வேண்டிய பொருள்’ என்று தொழிலாளி சொல்லும் அந்த நொடியில்தான் நாடுகடத்தும் ஆணையில் கையெழுத்து விழுகிறது.

சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பற் குழுமத்தைத் தொடங்கிப் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் குழுமத்தோடு போட்டியிட்டார் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அப்பெருங் குழுமத்தின் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மட்டும் ஓடவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குத் தமிழ்த் தொழிலாளரை ஏற்றிச் சென்றவையும் அவைதாம். பம்பாயிலிருந்து பாரசீக வளைகுடாவுக்கு ஓடியவையும் அவைதாம். ஆள்களை ஏற்றிக்கொண்டு போன கப்பலே அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டும் கப்பலும் ஆயிற்று. சிதம்பரனார் கப்பலோட்ட முனைந்ததன் ஆழ்ந்த பொருள் இப்போது விளங்கும். கடல்வழி எவன் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் கடல் கடந்தவன் உயிரும் இருக்கிறது.

பாரசீகத்தில் எண்ணெய் கண்ட அடுத்த ஆண்டே, 1909இல், ஆங்கில-பாரசீக எண்ணெய்க் குழுமம் தோன்றியது. பர்மாவில் எண்ணெய் எடுத்துக் கொழுத்த குழுமமே இதற்கும் பின்புலம். அபதான் தீவில் எண்ணெய் துப்புரவு ஆலை எழுந்தது. 1914இல் பிரித்தானிய அரசே அக்குழுமத்தின் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. அதன் கடற்படைக்கு எண்ணெய் வேண்டியிருந்தது. ஆக, அங்கே முதலாளியும் வல்லரசும் ஒன்றே. வேலைக்கோ, இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஆள்கள் கொண்டுபோகப்பட்டனர். அடிமைப்பட்ட ஒரு நாட்டின் மக்களை மற்றொரு நாட்டில் கொண்டுபோய் நிறுத்தினால், அவர்களுக்கு அந்நாட்டிலும் உரிமையில்லை. சொந்த நாட்டிலும் உரிமையில்லை. முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1920 திசம்பரில் அபதானின் இந்தியத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூடுதல் கூலி, குறைந்த வேலைநேரம், மிகைநேரத்திற்கு ஊதியம் என்பவையே அவர்கள் கேட்டவை. தூத்துக்குடித் தொழிலாளி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்விகள்! பாரசீகத் தொழிலாளரும் உடன் சேர்ந்தனர். குழுமம் கூலியை உயர்த்தியது. ஆனால் பாடம் கற்றுக்கொண்டது தொழிலாளி மட்டுமல்லன், குழுமமும் கற்றுக்கொண்டது. 1922இல் இந்தியர் மீண்டும் வேலையை நிறுத்தியபோது பெருந்தொகையினர் வேலை நீக்கப்பட்டுக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களுக்குச் சிறையில்லை, வழக்கில்லை, தீர்ப்பில்லை. கப்பல் மட்டுமே இருந்தது. 1929 மே மாதம் அதே அபதானில் பாரசீகத் தொழிலாளர் எழுந்தபோது, ‘பொதுவுடைமையர் சூழ்ச்சி’ என்னும் பெயர் சூட்டப்பட்டு அவர்கள் ஒடுக்கப்பட்டனர். அவ்வெழுச்சியைத் திரட்டியவருள் பொதுவுடைமையர் இருந்தது உண்மையே. ஆனால் கூலிக் குறைவும் குடியிருப்பின் இழிநிலையும் அதனினும் பெரிய உண்மைகள். முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைத்தனர்.

இனி மலாயாவுக்கு வருவோம். தமிழர் வரலாற்றில் இந்நாடுகடத்தலின் முழு உருவையும் காட்டுவது 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் போராட்டமே. சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத்தின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவருள் மிகப் பெரும்பாலார் தமிழர். உலகப்போர் மூண்டதால் இரப்பர் விலை ஏறியது. அரிசி விலையும் ஏறியது. தமிழன் கூலி மட்டும் ஏறவில்லை. அருகே அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளி அவனைவிடக் கூடுதலாகப் பெற்றான். ‘தமிழ்நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் என்பவரும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தாரும் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரைத் திரட்டினர். மார்ச்சு முதல் வேலைநிறுத்தங்கள் அடுத்தடுத்து எழுந்தன.

அத்தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளைத் தமிழராய்ப் பிறந்த ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். சீனர்க்கு இணையான கூலி வேண்டும் என்றனர். பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலை ஒழிய வேண்டும் என்றனர். நல்ல மருத்துவம் வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றனர். கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்றனர். தம் பெண்டிரைத் தோட்ட மேலாளர் தீண்டுங் கொடுமை நிற்க வேண்டும் என்றனர். பேச்சுரிமையும் கூட்டங்கூடும் உரிமையும் வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றனர். குறைகளை எடுத்துரைப்போரைப் பழிவாங்கக் கூடாது. சங்கம் அமைக்க இசைவு வேண்டும் என்றனர். இன்னொன்றும் கேட்டனர்: துரையையும் கிராணியையும் எதிரே கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்!

இக்கடைசிக் கோரிக்கையைக் கேட்டுச் சிரிப்பவரும் இருக்கக்கூடும். சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. தன் உழைப்பால் வாங்கிய மிதிவண்டியில் பொதுவழியிற் செல்லும் ஒருவன், எதிரே ஒருவன் வருகிறான் என்பதற்காக இறங்கித் தலைகுனிந்து நிற்க வேண்டுமென்றால், அவனை ஆளாக மதித்ததாகுமா? கூலி உயர்வுக்குக் கணக்குப் பார்த்துச் சில காசு கொடுத்துவிட முடியும். மிதிவண்டியிலிருந்து இறங்கமாட்டேன் என்பதற்கு விலை ஏது? தோட்ட முதலாளிகள் அஞ்சியது இதற்குத்தான்.

மே 6ஆம் நாள் நாதன் சிறைப்படுத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் திரண்டனர். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. படை வந்தது. வந்ததும் இந்தியப் படையே! தாய்நாட்டிலிருந்து கூட்டிவந்த தொழிலாளியைச் சுடத் தாய்நாட்டிலிருந்தே ஆள் கூட்டிவந்தனர். ஐந்து தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நூற்றுக்கணக்கானோர் சிறைப்படுத்தப்பட்டனர். அவர்களுள் 21 பேர் நாடுகடத்தப்பட்டனர். 95 பேர் ‘தாமே விரும்பி’ நாடு திரும்பியதாகக் கணக்கெழுதப்பட்டது. நாதனும் இந்தியாவுக்குக் கடத்தப்பட்டார். துப்பாக்கி முனையில் பிறக்கும் விருப்பம் எத்தகையது என்பதை விளக்க வேண்டுவதில்லை. ‘தாமே விரும்பி’ என்னும் இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொருநைக் கரையிலும் அது திரும்ப வரும்.

கூலி கேட்ட தமிழன் ஆட்சியைக் கவிழ்க்க வந்த பகைவன் என்று மலாயா ஆட்சியாளர் சொன்னார்கள். உண்மையான பகைவன் அவ்வாண்டு திசம்பர் 8ஆம் நாள் கோத்தபாருவில் வந்திறங்கினான். எழுபது நாள்களுக்குள் சிங்கப்பூர் வீழ்ந்தது. தமிழ்த் தொழிலாளியின் மிதிவண்டிக்கு எதிராகப் படை நடத்திய ஆட்சி சப்பானியப் படைக்கு முன்னே நிற்க முடியாமற் போயிற்று.

போர் முடிந்து வெள்ளையர் மீண்டும் வந்தபோது பழைய கருவி கூர்தீட்டப்பட்டது. கெடா மாநிலத்தில் கள்ளுக்கு எதிராகத் தோன்றிய தொண்டர் படை 1947இல் ஒடுக்கப்பட்டது. 1948 மே 31ஆம் நாள் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு தொழிலில் மூன்றாண்டுகள் பணியாற்றியவரே அத்தொழிற் சங்கத்தின் பொறுப்பாளராகலாம். வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே கூட்டமைப்பாகச் சேரக்கூடாது என்று விதித்தனர். சூன் மாதத்தில் அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு இல்லாமற் செய்யப்பட்டது. அதே மாதம் நாடு முழுதும் நெருக்கடி நிலை வந்தது. அக்கூட்டமைப்பின் தலைவராய் இருந்தவர் தஞ்சை மண்ணில் பிறந்த எசு.ஏ. கணபதி என்னும் தமிழர். துப்பாக்கி வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடுச் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் அவர்தம் தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். நெருக்கடி நிலை நீடித்த காலத்தில் சீனர் பல்லாயிரவர் நாடுகடத்தப்பட்டனர். தமிழர் பலரும் அவ்வாறே கப்பலேற்றப்பட்டனர்.

கணபதி பொதுவுடைமை இயக்கத்தோடு தொடர்புடையவர். அதை மறைக்க வேண்டுவதில்லை. பொதுவுடைமைக் கொள்கையை ஏற்பவரும் இருக்கலாம், மறுப்பவரும் இருக்கலாம். வினா அதுவன்று. 1908இல் தூத்துக்குடியில் ஞாயிறு விடுமுறை கேட்டபோது உருசியப் புரட்சியே நிகழவில்லை. அப்போது சூட்டிய பெயர் ‘அரசப் பகைவர்’. 1941இல் சூட்டிய பெயர் ‘நாட்டியக் கலகக்காரர்’. 1948இல் சூட்டிய பெயர் ‘பொதுவுடைமையர்’. பெயர்கள் மாறின, கேட்டவை மாறவில்லை, தண்டனையும் மாறவில்லை. ஒரு நோயாளி ‘வயிறு வலிக்கிறது’ என்று சொன்னால், ‘உனக்கு இதைச் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் யார்?’ என்று கேட்கும் மருத்துவன் நோயை ஆராய விரும்பாதவன்.

சிறையினும் நாடுகடத்தல் முதலாளிக்கு ஏன் இனிக்கிறது? காரணங்கள் நான்கு. சிறையிலடைக்கக் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டும். நாடுகடத்த ஓர் ஆணையே போதும். சிறைப்பட்டவன் தோழர் நடுவே இருப்பான், விடுதலையாகி மீண்டும் வருவான். கடத்தப்பட்டவன் கடலுக்கு அப்பால் போய்விடுவான். சிறைக்குச் சென்றவனை ஊர் நினைவில் வைத்திருக்கும். திருப்பியனுப்பப்பட்டவனைப் ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்று ஊரே ஏசும். எல்லாவற்றிலும் கொடியது நான்காவது: ஒருவனைக் கடத்தினால் எஞ்சியிருக்கும் ஆயிரவரும் வாய்மூடுவர். ஊரில் கடன் வாங்கிக் கப்பலேறியவன் கடன் அடையும் முன் திரும்ப முடியுமா? அந்த அச்சமே சவுக்காகிறது.

‘அயல்நாட்டான் வேலை கொடுக்கிறான், பிடிக்காவிட்டால் திரும்பி வரவேண்டியதுதானே’ என்று சொல்லும் தமிழரும் உளர். அவர்களுக்கு இலங்கையே விடை. தட்டப்பாறை முகாம் வழியும் மண்டபம் முகாம் வழியும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் மலைகளைத் திருத்தித் தேயிலை வளர்த்தனர். நூற்றாண்டு கடந்தது. நடேச ஐயர் போன்றோர் முயற்சியால் சங்கம் கண்டனர். 1947 தேர்தலில் தம் சார்பாளரைத் தேர்ந்தெடுத்தனர். தமக்குச் சார்பாளர் இல்லாத தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் வாக்களித்தனர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன்பின் வாக்குரிமை போயிற்று. 1964 அக்தோபரில் சிரிமாவோ-சாத்திரி உடன்பாடு எழுதப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டனர். அம்மக்களை ஒரு சொல் கேட்டவர் எவருமில்லை. அவருள் பலர் இலங்கையிலேயே பிறந்தவர். அவர்தம் பெற்றோரும் அங்கேயே பிறந்தவர். அவர்களுக்குத் ‘திரும்பிப் போ’ என்று சொல்ல எந்த ஊர் இருந்தது?

அதே இலங்கையில் 1937இல் மற்றொரு நிகழ்ச்சி. ஆத்திரேலியாவிலிருந்து தேயிலைத்தோட்டப் பணிக்கு வந்த பிரேசுகர்டில் என்னும் வெள்ளை இளைஞர் தமிழ்த் தொழிலாளர் பக்கம் பேசினார். ஆளுநர் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். உயர் வழக்குமன்றம் அவ்வாணை செல்லாது என்றது. வழக்குமன்றம் ஏறினால் நிலைக்காத ஆணைகள் பல இருந்திருக்கும். வழக்குமன்றம் ஏற வழியற்ற தமிழனுக்கோ துறைமுகமே தீர்ப்பாயிற்று.

கடலுக்கு அப்பால்தான் இக்கொடுமை என்று எண்ணிவிடாதீர்! பொருநை பிறக்கும் மலைத்தொடரிலேயே மாஞ்சோலை இருக்கிறது. சிங்கம்பட்டிக் குறுநிலத்தாரிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு 8,374 ஏக்கர் காட்டைப் பெற்றது பம்பாய்-பர்மா வணிகக் கழகம். பர்மாத் தேக்கில் வளர்ந்த கழகம், தமிழன் உழைப்பில் இங்குத் தேயிலை வளர்த்தது. 1999இல் அத்தோட்டத் தொழிலாளர் நாளொன்றுக்கு 150 உருவா கூலி கேட்டனர். நூற்றுக்கணக்கானோர் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களை விடுவிக்கக் கோரியும் கூலி உயர்வு கோரியும் சூலை 23ஆம் நாள் திருநெல்வேலிக் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் சென்றது. காவலர் தடியடி நடத்தினர். ஒருபுறம் தடி, மறுபுறம் ஆறு. பதினேழு உயிர்கள் போயின. அவருள் பெண்டிரும் இருந்தனர், ஒரு குழந்தையும் இருந்தது. வெள்ளையன் 1908இல் திருநெல்வேலியில் எடுத்த உயிர்கள் நான்கு. தன்னாட்டு ஆட்சியில் அதே ஊரில் போன உயிர்கள் பதினேழு! இந்தக் கணக்கைப் பார்த்துத் தமிழன் தலைகுனிய வேண்டாமா?

2024இல், குத்தகை முடிய நான்காண்டுகள் இருக்கும்போதே, கழகம் தோட்டத்தை விட்டு விலக முடிவு செய்தது. நான்கு தலைமுறையாக மலையில் வாழ்ந்த தொழிலாளர்க்கு ‘விருப்ப ஓய்வு’ கொடுக்கப்பட்டது. குடியிருப்புகளை விட்டு இறங்கச் சொன்னார்கள். 1941இல் கிள்ளானில் ‘தாமே விரும்பி’ நாடு திரும்பினர். 2024இல் மாஞ்சோலையில் ‘தாமே விரும்பி’ ஓய்வு பெற்றனர். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் காட்டை அழித்துத் தோட்டமாக்க முடிவெடுத்தவர் இலாபத்தோடு போக, அம்முடிவில் பங்கில்லாத உழைப்பாளி வீட்டையிழந்து போவது எந்த நயன்மை?

இன்றும் கடையநல்லூரிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் இன்னும் எத்தனையோ ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் எண்ணெய் நாடுகளுக்குப் போகின்றனர். கப்பலுக்கு மாறாக வானூர்தி வந்திருக்கிறது. கங்காணிக்கு மாறாக முகவர் வந்திருக்கிறார். ஆனால் வேலை கொடுத்தவன் கையிலேயே குடியிருப்பு இசைவும் இருக்கிறது என்னும் முறை பல நாடுகளில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. சவூதி அரேபியாவில் 1953 அக்தோபரில் எண்ணெய்த் தொழிலாளர் பதின்மூவாயிரவர் வேலையை நிறுத்தினர். 1956இல் அரசாணையே வேலைநிறுத்தத்தைத் தடைசெய்தது. அயலிலிருந்து சென்ற தொழிலாளி அங்குச் சங்கம் அமைக்க இன்றும் உரிமையில்லை. கூலி வரவில்லை என்று வேலையை நிறுத்துபவனுக்கு முன்னே நிற்பது 1922ஆம் ஆண்டின் அதே அச்சம்.

இதற்குத் தமிழர் செய்ய வேண்டுவன என்ன?

முதலாவது, அயல்நாட்டுத் தொழிலாளர் உரிமைபற்றி ஒன்றிய நாடுகள் அவை 1990இல் வகுத்த உடன்படிக்கை கூட்டாக வெளியேற்றுவதைத் தடைசெய்கிறது. ஒவ்வொருவர் வழக்கையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்கிறது. சங்கத்தில் சேரும் உரிமையை ஏற்கிறது. இலங்கை அதை ஏற்றுக்கொண்டது. இந்திய அரசு இன்றுவரை ஏற்கவில்லை. சங்கம் அமைக்கும் உரிமைபற்றிய உலகத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம், 98ஆம் உடன்படிக்கைகளையும் ஏற்கவில்லை. தன் குடிமக்களை உலகெங்கும் வேலைக்கு அனுப்பும் அரசு அவர்தம் உரிமைத்தாளில் கையெழுத்திட மறுப்பது ஏன் என்று தமிழகம் உரத்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, வேலைக்குச் செல்பவன் கையெழுத்திடும் ஒப்பந்தம் அவனுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். புரியாத மொழியில் கையெழுத்திடுபவன் தன் கையாலேயே தன் வாயைத் தைத்துக்கொள்கிறான். மொழியுரிமை வேறு, உழைப்புரிமை வேறு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கிள்ளானில் தொழிலாளர் எழுந்தது, அவர்தம் தாய்மொழியில் ஒருவர் வந்து அவர்களோடு பேசிய பிறகே. தம் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று அவர்கள் கூலியோடு சேர்த்துக் கேட்டதும் இதனாலேதான்.

மூன்றாவது, திருப்பியனுப்பப்பட்டவர்களின் கணக்கு தமிழில் எழுதப்பட வேண்டும். தமிழக அரசில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. அங்கிருந்து வருவோரை வரவேற்பதோடு, ஏன் அனுப்பப்பட்டனர், எவ்வளவு கூலி நிலுவை என்பவற்றையும் ஊர்தோறும் பதிந்து வைக்க வேண்டும். அரசு செய்யத் தவறினால் தமிழ் இளைஞர் அதைச் செய்ய வேண்டும். கிள்ளானிலிருந்து கடத்தப்பட்ட 21 பேர் எந்தத் துறையில் இறங்கினர், எந்த ஊருக்குப் போயினர், எப்படிப் பிழைத்தனர் என்பதைத் தமிழகம் எழுதி வைத்ததா? வெள்ளையன் அவர்களைக் கணக்கில் எழுதினான். தமிழன் அவர்களை நெஞ்சிலும் எழுதவில்லை, ஏட்டிலும் எழுதவில்லை. கடத்தப்பட்டவன் இருமுறை கடத்தப்படுகிறான்: ஒருமுறை அயல்நாட்டிலிருந்து, மறுமுறை தன் இனத்தின் நினைவிலிருந்து.

நான்காவது, ஊர் திரும்பியவனை ஏசுவதை நிறுத்துங்கள். அடுத்த வீட்டு இளைஞன் வேலை இழந்து வந்தான் என்றால், ‘ஏன் வாயைத் திறந்தாய்?’ என்று கேட்காதீர்கள். ‘என்ன கேட்டாய்?’ என்று கேளுங்கள். அவன் சொல்லும் விடையில் தூத்துக்குடியும் கிள்ளானும் மாஞ்சோலையும் இருக்கும்.

பெருமக்களே! சிதம்பரனார் சிறையிலிருந்து வெளிவந்தபோது அவரை வரவேற்கத் திரண்ட கூட்டம் மிகச் சிறிது. அவர்க்காக எழுந்த ஊர், அவர் திரும்பி வரும்போது உறங்கிக்கொண்டிருந்தது. கப்பலை இழந்தார், வழக்குரைஞர் உரிமையை இழந்தார், வறுமையில் வாடி 1936 நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார். இன்று அவர் பெயரில் துறைமுகம் இருக்கிறது, தெருக்கள் இருக்கின்றன, சிலைகள் இருக்கின்றன. செத்தபின் சிலை வைப்பது எளிது. திரும்பி வருபவனுக்கு வாசலில் நின்று கைகொடுப்பதே கடினம்.

பொருநை வற்றாத ஆறு என்பர். அந்த ஆற்றங்கரையில் பிறந்தவனின் கூலி மட்டும் வற்றலாமா? அவன் குரல் வற்றலாமா? கூலி என்னும் தமிழ்ச்சொல்லை மாந்தனின் பெயராக்கி இழிவுபடுத்தியோரிடமிருந்து அச்சொல்லை மீட்டு, உழைத்தவன் கையில் அதன் முழுப்பொருளோடு வைப்பது தமிழர் கடன். அக்கடனைத் தீர்க்க எழுக!

வாழ்க தமிழ்! வெல்க உழைப்பு!